காருக்குப் பின்னால் ஒரு சொம்புத் தண்ணீர்

நான் டெல்லியில் பாரசீகம் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் குன்னம் பக்கத்தில் யாரும் உடனே எதுவும் சொல்ல மாட்டார்கள். முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் கேள்வி வரும்: "அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு உருப்படியான பதில் தெரியாது. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் ஸ்பானிஷ் கேட்டேன், அடுத்து பிரெஞ்சு, மூன்றாவது கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று பாரசீகம். கிடைத்தது மூன்றாவது. என் தலையெழுத்தை மட்டும் வலமிருந்து இடமாக எழுதிவிட்டான் போலிருக்கிறது, நான் என்ன செய்ய?

அப்பாவுக்கு அதில் வருத்தமே கிடையாது. மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். வானத்தைப் பார்த்துப் பார்த்தே பொறுமை வந்துவிட்டது. "எம் பொண்ணு ஃபாரின் லாங்குவேஜ் படிக்குது" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். என்ன லாங்குவேஜ் என்று யாராவது துருவினால், "பெரிய லாங்குவேஜ்ப்பா, ராஜாங்கம் நடத்துன லாங்குவேஜ்" என்பார். முதல் வருட விடுமுறையில் நான் வந்து, தாசில்தார், ஜமாபந்தி, சிப்பந்தி, ரசீது, தஸ்தாவேஜு எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து வந்த சொற்கள்தான் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இத்தன வருசமா பட்டா மாத்த நான் ஈரான் ஆபீஸுக்குத்தான் அலைஞ்சிருக்கேன்" என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

சிரிக்காத ஆள் நான்தான். எனக்குச் சிறுவயதிலிருந்தே பயம்தான் கூடப்பிறந்தது. போன் மணி அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பேன். அடிக்காவிட்டால் அதைவிட மோசமாக நினைப்பேன். டெல்லியில் இலக்கணம், உரைநடை எல்லாம் ஒருவழியாகத் தேறினேன். "ஈரானியப் பண்பாடு" என்ற தாள் மட்டும் எனக்கு வெல்லம். அவர்கள் விருந்தாளியை எப்படி உபசரிப்பார்கள், புத்தாண்டுக்கு என்ன வைப்பார்கள், பயணம் கிளம்புகிறவர் பின்னால் ஏன் ஒரு கிண்ணம் தண்ணீரை ஊற்றுவார்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவேன். தண்ணீர் தடையில்லாமல் ஓடுவதுபோலப் போகிறவர் போய், நல்லபடியாகத் திரும்பி வரட்டும் என்பதற்காக ஊற்றுவது அது. எழுதினேன், நல்ல மதிப்பெண் வாங்கினேன், மறந்தேன்.

விடுதியில் எனக்கு அடுத்த அறையில் ஒரு ஈரான்காரி இருந்தாள். ஷிராஸ் ஊர். உயிரியல் ஆராய்ச்சிக்கு வந்தவள். என் உச்சரிப்பைக் கேட்டு முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள், இரண்டாம் நாளிலிருந்து திருத்த ஆரம்பித்தாள். பேராசிரியர்கள் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை அவள் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவாள். தேர்வு முடிந்து நாங்கள் மூட்டை கட்டும் சமயத்தில்தான் அவள் நாட்டின் மேல் குண்டு விழ ஆரம்பித்தது. விமானங்கள் நின்றன. அங்கே இணையமும் போய்விட்டது. அவள் அம்மாவுக்கு அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் ஒற்றை டிக் மட்டும் நின்றது. போய்ச் சேர்ந்தால்தானே இரண்டாவது டிக் வரும்? அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விடுதியில் கோடை விடுமுறைக்கு அறைகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"எங்க வீட்டுக்கு வா" என்றேன். அவள் வேண்டாம் என்றாள். மறுபடி கூப்பிட்டேன், உங்களுக்குத் தொந்தரவு என்றாள். மூன்றாம் தடவையும் மறுத்தாள். அவர்களுடைய மரியாதை அது. தஆரோஃப் என்பார்கள், முதலில் நீட்டியதை உடனே வாங்கிக்கொள்ளக் கூடாது. எனக்குத்தான் அது தேர்வில் வந்த கேள்வியாயிற்றே, விடுவேனா? நாலாவது தடவை கையைப் பிடித்து இழுத்ததும் அழுதுகொண்டே பெட்டியை எடுத்து வைத்தாள்.

சென்னை வந்து, வண்டி மாறி, அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினோம். வெளியே வரிசையாக சிமெண்ட் லாரிகள். அவற்றுக்கு நடுவே பஸ் பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் இரண்டு பேர் தலையும் வெள்ளையாகிவிட்டது. அம்மா அவளைக் கண்டதும் முதலில் சொன்னது, "ஐயய்யோ, புள்ள இப்புடி எளச்சிருக்கே." சோற்றைப் போட்டாள். அவள் மரியாதைக்குப் போதும் என்றாள். அம்மா காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி வைத்தாள். அவள் மறுபடி போதும் என்றாள், அம்மா மறுபடி வைத்தாள். இரண்டு பேருக்கும் இந்த விளையாட்டு முன்பே தெரிந்ததுபோல இருந்தது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் சாப்பாடே முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, பெரம்பலூரில் படம் எடுத்துப் பார்த்து, இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு என்று சொல்லி, திருச்சியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். எனக்குப் பரீட்சை என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. "சொன்னா நீ என்ன பண்ணுவ? அங்க ஒக்காந்து அழுவ" என்றாள் அம்மா. உண்மைதான், அழுதிருப்பேன். இப்போது இங்கே உட்கார்ந்து அழுதேன். "ஏய், எனக்கு ஒண்ணும் ஆவாது பாப்பா. கொழாய் அடைச்சிருக்கு, எடுத்துவுடப் போறாங்க. நம்ம வீட்டு போருக்குப் பண்ற மாதிரிதான்" என்றார் அப்பா. மோட்டாரை ஏற்றி இறக்கிப் பழகியவர், நெஞ்சையும் ஆழ்துளைக் கிணற்றுக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

கிளம்பும் நாள் காலையில் எங்கள் அத்தைதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். சகுனம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும், எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், யார் எதிரில் வர வேண்டும் என்று எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கார் நகரும் சமயத்தில் பக்கத்து வீட்டு அக்கா நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும் என்பது முதல் நாளே பேசி முடித்த ஏற்பாடு. தான் மட்டும் எதிரில் வரக்கூடாது என்று அத்தை வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தம்பி உயிருக்காக இத்தனை ஏற்பாடும் செய்தவள், தம்பி முகத்தைப் பார்த்து வழியனுப்பவில்லை.

என் தோழி வாசலில் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் எங்களோடு திருச்சிக்கு வரவில்லை. அத்தைக்குத் துணையாக இருக்கிறேன் என்று அவளாகவே சொல்லியிருந்தாள். அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்தார், நானும் அம்மாவும் பின்னால். கார் கிளம்பியதும் சொன்னபடி பக்கத்து வீட்டு அக்கா தளும்பத் தளும்பக் குடத்தோடு எதிரே வந்தார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். சனியன், திரும்பிப் பார்த்தேன்.

குடத்தைக் கண்டதும் என் தோழியின் முகம் மலர்ந்துவிட்டது. நாள்கணக்கில் பார்க்காத மலர்ச்சி அது. அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஓ, இவர்கள் ஊரிலும் பயணத்துக்குத் தண்ணீர்தான்! ஓடிப்போய்த் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்தாள். கார் தெருவில் திரும்புவதற்குள், எங்களுக்குப் பின்னால், வாசல் முழுக்கப் பரவும்படி அவ்வளவையும் வீசி ஊற்றினாள்.

எங்கள் ஊரில் ஒருவர் வெளியே போனதும் வாசலில் தண்ணீர் ஊற்றுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பிணத்தை எடுத்த கையோடு வீட்டையும் வாசலையும் கழுவிவிடுவார்கள். போனவர் திரும்பி வர மாட்டார் என்பதால் கழுவுவது அது. ஆளுக்கு எதிரே வரும் தண்ணீர் நல்லது, முதுகுக்குப் பின்னால் ஊற்றுகிற தண்ணீர் சாவு. இதைத் தோழியிடம் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவளுக்குத் தோன்றவில்லை!

"அடிப்பாவி!" என்று வீட்டுக்குள்ளிருந்து அத்தை அலறியது கார்க் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. எந்த இடத்தில் நிற்கக் கூடாதென்று உள்ளே ஒளிந்திருந்தாளோ, அதே வாசலுக்கு மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் டிரைவரிடம் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையை அழுத்திப் பிடித்தாள். கிளம்பிய வண்டி நிற்கக் கூடாது, அதுவும் அபசகுனம். "முன்னாடி பாத்து ஒக்காரு" என்றாள். அவளும் பார்த்துவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவளை அலறுகிற அத்தையிடம் விட்டுவிட்டு நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம்.

பெரம்பலூரைத் தாண்டினோம். சிறுவாச்சூர் வந்தது. கோயில் பூட்டியிருந்தது; காளி அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாள், நாங்கள் போனது புதன்கிழமை. அம்மா ஓடுகிற காரிலிருந்தே கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். எனக்கு மனசு எங்கெங்கோ ஓடியது. சாமியும் வீட்டில் இல்லை, பின்னால் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது, இனி என்ன மிச்சம்? அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அது ஆபரேஷனால் ஆனது என்று ஊரில் ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பிள்ளை ஊற்றிய தண்ணீர் என்பார்கள், அந்தப் பிள்ளையைக் கூட்டி வந்த இந்தப் பிள்ளை என்பார்கள், இந்தப் பிள்ளை படித்த படிப்பு என்பார்கள்.

அப்போது அப்பா திரும்பாமலே கேட்டார். "பாப்பா, அந்தப் புள்ள எதுக்குத் தண்ணி ஊத்துச்சு?"

சைடு கண்ணாடியில் அவரும் பார்த்திருக்கிறார்.

"என்னங்க, இப்ப அது எதுக்கு? கம்முனு வாங்க" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்குறேன். இவ அதுக்குத்தான படிக்கிறா?"

சொன்னேன். அவர்கள் ஊரில் அது திரும்பி வருவதற்கான தண்ணீர் என்றேன். பரீட்சையில் அவ்வளவு அழகாக எழுதியது வாயில் வரும்போது துண்டு துண்டாக வந்தது. அப்பா கேட்டுவிட்டு மெதுவாகச் சிரித்தார். "மானாவாரிக்காரன் பின்னாடி தண்ணி ஊத்தியிருக்கு. நம்மூர்ல எவன் தண்ணிய வேணாம்பான்?" என்றார். டிரைவரும் சிரித்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனைப் பார்த்தால் தோழியிடமிருந்து வரிசையாகச் செய்திகள். நான் என்ன தப்பு செய்தேன்? உன் அத்தை ஏன் அழுகிறார்? மொழிபெயர்க்கும் ஆப்பைப் பேசவிட்டுப் பார்த்தேன், அவருக்குப் புரியவில்லை. தயவுசெய்து சொல். ஒன்றுமில்லை என்று எழுதி அழித்தேன். அப்புறம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்தால் அத்தை எப்படியும் சைகையிலேயே சொல்லிவிடுவாள், அது இன்னும் கொடுமை. "அவரை நான் கொன்றுவிட்டேன் என்று நினைக்கிறார்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை, நானும் அதை நம்பிச் சொல்லவில்லை.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் அடுத்து இரண்டு நாளும் காய்ச்சல் இறங்கவில்லை, மயக்கம் சரியாகத் தெளியவில்லை. கேட்டால், பார்க்கலாம் என்பார்கள். ஆஸ்பத்திரியில் அதைவிடப் பயங்கரமான வார்த்தை எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எங்களைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று எழுந்து நின்றேன். யார் யாரையோ கூப்பிட்டார்கள்.

அம்மா என்னிடம் திட்டியோ கத்தியோ எதுவும் சொல்லவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். இரண்டாம் நாள் மத்தியானம், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒங்கப்பா எந்திரிச்சு வந்தா நீ போயிப் படி. வரலன்னா இதோட விட்ரு. அந்தப் படிப்ப இனிமே என்னால பாத்துக்கிட்டிருக்க முடியாது." நான் தலையை ஆட்டினேன். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். அப்பா பிழைக்க வேண்டும் என்று வேண்டும்போதே அந்தப் படிப்பும் நினைவுக்கு வந்தது. அதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் அத்தை போன் செய்தாள். அவளுக்குத் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்கவே பயம். சுற்றி வளைத்து வேறெதையோ பேசினாள். "இந்தப் புள்ள சோறே திங்க மாட்டேங்குது. நீங்க போனதுலேருந்து வாசப்படியிலேயே ஒக்காந்துருக்கு. ஊத்துன எடத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. எனக்கு ஆத்தரம் ஆத்தரமா வருது, ஆனா என்ன பண்றது, அதோட அம்மா போட்டாவ எடுத்து என்னுட்ட காட்டுது. எங்கம்மா மாதிரிதான் இருக்கு, முக்காடு போட்டுக்கிட்டு." அப்புறம் கேட்டாள். "அதுக்கும் சேதி வரல போலருக்கே?"

"வரல அத்தை."

"ஊட்டி வுட்டேன். ரெண்டு வாய் வாங்குச்சு. கோவம் கோவந்தான், அதுல மாத்தமில்ல. சோறு திங்காம கெடந்து செத்துச்சுன்னா அந்தப் பாவமும் நம்ம வூட்டுக்குத்தான" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. நர்ஸ் வந்து எங்களைக் கூப்பிட்டபோது அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அப்பா கண் திறந்திருந்தார். வாய் உலர்ந்து வெடித்திருந்தது. எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஊர்ல மழ பேஞ்சுதா?" என்றார். அம்மா அப்போதுதான் அழுதாள். கிளம்பின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, நர்ஸ் வந்து அதட்டும்வரை அழுதாள். நான் வெளியே ஓடி வந்து தோழிக்கும் அத்தைக்கும் போன் போட்டேன். யாரிடம் எதைச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அத்தையிடம் பாரசீகத்தில் பேசியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது ஆலத்தித் தட்டோடு பக்கத்து வீட்டு அக்கா நின்றார். தோழியைக் காணோம். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தாள், தான் எதிரில் வரக்கூடாது என்று நினைத்து. அந்தச் சில நாட்களில் அத்தையைப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்! அப்பா கட்டிலில் உட்கார்ந்ததும் அவளை வரச் சொன்னார். அவள் தலை குனிந்தபடி வந்தாள். "ஊத்துன தண்ணி வேல செஞ்சிருச்சுன்னு சொல்லு பாப்பா" என்றார். சொன்னேன். அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அத்தை, "ஆமா, தண்ணிதான் செஞ்சுச்சு. டாக்டரு சும்மா இருந்தாரு" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனாள். அம்மா அன்றைக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயம்.

சில நாள் கழித்து ஒரு காலையில் தோழியின் போனில் இரண்டாவது டிக் வந்தது. பழைய செய்திகள் எல்லாவற்றுக்கும் வரிசையாக, மேலிருந்து கீழே. பின்னாலேயே அவள் அம்மாவின் குரல், அழுகையும் கேள்வியுமாக. உயிரோடு இருந்தார், வீட்டுக் கண்ணாடிகள்தான் உடைந்திருந்தன. போர் நின்றுவிட்டது என்றார்கள். மறுபடி தொடங்காது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது போகாதே என்று எவ்வளவோ சொன்னேன். "உன் அம்மா அத்தனை நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தார் அல்லவா? என் அம்மாவும் எனக்காக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்" என்றாள். திருச்சியிலிருந்து வளைகுடா வழியாக ஒரு டிக்கெட் கிடைத்தது.

அவள் கிளம்பும் காலையில் கார் வந்து நின்றது. இந்தத் தடவை நிறைகுட ஏற்பாடு எதுவும் இல்லை. தனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அத்தை இந்த முறையும் உள்ளேதான் நின்றாள். தோழி போய் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்துவிட்டாள். அத்தை திமிறிப் பார்த்தாள், பலிக்கவில்லை. எல்லோரையும் கும்பிட்டு, எங்களிடம் கற்றுக்கொண்டபடி "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறினாள். அப்போதுதான் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் அதே சொம்பு, நிறைய தண்ணீர்.

கார் நகர்ந்தது. அம்மா அதன் பின்னால் நாலு எட்டு நடந்து போனாள். சொம்பைச் சாய்த்தாள். எத்தனை சாவு வீடு பார்த்தவள், அவளுக்கு அது சுலபமா? தண்ணீர் மண்ணில் விழுந்தது. ஆனால் பாதியிலேயே சொம்பை நிமிர்த்திவிட்டாள். பின் கண்ணாடி வழியாகத் தோழி பார்த்துக்கொண்டே போனாள்.

"ஏம்மா, மிச்சத்தையும் ஊத்து" என்றேன்.

"எல்லாத்தையும் ஊத்துனா ஒடனே இங்க திரும்பி வந்துருவாளே. அவ மொதல்ல அவங்கம்மாகிட்ட போய்ச் சேர வேணாமா?" என்றாள் அம்மா. "போய்ச் சேந்துட்டேன்னு சொல்லட்டும். அப்பறம் ஊத்துறேன்."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பாதி ஊற்றும் வழக்கம் கிடையாது. அம்மா சொம்பை ஒரு தட்டால் மூடி அடுப்படி மேடையில் வைத்தாள். அதை யாரும் தொடக்கூடாது என்றாள். நாங்கள் வேறு சொம்பில் தண்ணீர் குடித்தோம். வளைகுடாவில் இறங்கிவிட்டேன் என்று தோழி எழுதினாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் அனுப்பியதற்கு ஒற்றை டிக். மறுநாளும் ஒற்றை டிக். செய்தியில் மறுபடி ஏதோ வெடிச் சத்தம் என்றார்கள். அம்மாவுக்கு எழுத்துதான் தகராறு, டிக்கு நன்றாகத் தெரியும். அடுப்படியிலிருந்து வரும்போதெல்லாம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். "ஒத்ததான் நிக்குது" என்று அவளே சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு இரண்டு இட்லிகூட இறங்கவில்லை. போகும்போதும் வரும்போதும் சொம்பையே பார்த்தேன். மிச்சத் தண்ணீர் அப்படியே காய்ந்து போய்விட்டால்?

மூன்றாம் நாள் நான் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. அவள் வீட்டுச் சமையலறை, உடைந்த ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்தது, அதன் முன்னால் அவளும் அவள் அம்மாவும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஒரு படம். நான் "அம்மா!" என்று கத்தியதுதான் தெரியும். அம்மா படத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பை எடுத்து வந்து, செருப்புகூடப் போடாமல், உச்சி வெயிலில் தெருவுக்கு நடந்தாள். கார் நின்ற இடத்தில் மிச்சத்தையும் ஊற்றினாள்.

அத்தை பின்னாலேயே வந்தாள். "கொஞ்சந்தான் இருந்துச்சு, பத்துமாடி?" என்று கேட்டாள். பிறகு அவளே தொட்டிக்குப் போய் இன்னொரு சொம்பு மொண்டு வந்தாள்.